அம்மாவின் முழங்காலோடு மகாஓயாவுக்கு

வெந்நீர் ஊற்றுள்ள ஊர்களுக்கு மனிதர்கள் இளைப்பாறப் போகிறார்கள் என்று வாசித்திருக்கிறேன். நானும் அம்மாவும் ஒரு வழக்கைத் தீர்த்துக்கொள்ளப் போனோம்.

வழக்கு அம்மாவின் வலது முழங்காலைப் பற்றியது. அம்மா பசறைப் பாதையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். முழங்கால் வீங்கத் தொடங்கிச் சில வருடங்களாகின்றன. பதுளையில் எலும்பு டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மூட்டு தேய்ந்துவிட்டது, ஒப்பரேஷன் செய்தால்தான் சரிவரும் என்று சிங்களத்தில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். எனக்குத் தொழிலே அதுதான். பதுளையில் ஓர் அரச அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் அன்று நான் மொழிபெயர்த்தது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"கால அறுத்தா மாசக் கணக்கா ஒக்காரணும். ஒக்காந்தா பேர வெட்டிருவாங்க. தோட்டத்துல பேரு இல்லாதவளுக்குக் காம்பரா எதுக்குன்னு கேப்பாங்க. அப்பறம் நான் எங்க போறது?"

காம்பரா என்பது தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு உள்ள அறை. அப்பா போன பிறகு அதில் அம்மா மட்டும்தான். பதுளையில் நான் வாடகைக்கு இருக்கும் அறைக்கு வந்துவிடு என்றால், "அங்க வந்து எதப் பாத்துக்கிட்டு இருக்க? செவத்தையா?" என்பாள். நொண்டுவது கங்காணி கண்ணில் படக்கூடாது என்று, மலையிலிருந்து எல்லோரும் இறங்கிய பிறகுதான் இறங்குவாள். முழங்கால் விஷயம் லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது என்பது எனக்கு இடப்பட்ட கட்டளை.

இந்த நிலைமையில்தான் பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒரு வழி சொன்னார். "எங்கட ஊட்டுப் பொம்புள நொண்டி நொண்டித்தான் மகாஓயாவுக்குப் போன. சுடுதண்ணிக் கெணத்துல மூணு நாள் ஊத்தின. நடந்து வந்த. நீங்களும் போய்ப் பாருங்கோ, தங்கச்சி."

அம்மா அங்கேயே, சேலைகளுக்கு நடுவில் நின்று, எனக்கு நிபந்தனை போட்டாள். மூன்று நாள் ஊற்றிப் பார்ப்பது. வலி குறையாவிட்டால் நான் சொல்கிறபடி ஒப்பரேஷன். குறைந்துவிட்டால் நான் அந்தப் பேச்சையே இனி எடுக்கக்கூடாது.

சரி என்றேன். போகிற இடம் தன்னை ஏமாற்ற வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பஸ் ஏறிய பயணி அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முதல் நாள் பஸ்ஸில் கழிந்தது. உட்கார இடம் வேண்டுமென்று பதுளைக்கே வந்து ஏறினோம். அம்மாவுக்கு ஜன்னலோரம், வலது காலை நீட்ட என் பையை நகர்த்தி இடம் செய்தேன். நீட்டமாட்டேன் என்றாள். பசறை தாண்டும் வரை தெரிந்தவர்கள் ஏறுவார்களாம்.

நான் போனில் ஒரு கட்டுரை வைத்திருந்தேன். உலகத்தின் வெந்நீர் ஊற்று ஊர்கள், அவசரமில்லாத பயணத்துக்கு உகந்தவை. நேரம் போக அம்மாவுக்கு வாசித்துச் சொன்னேன். ஜப்பானில் பருத்தி அங்கி அணிந்து மரச்செருப்பு சத்தமிட ஒரு குளியலறையிலிருந்து அடுத்ததற்கு நடப்பார்களாம். ஐஸ்லாந்தில் சுற்றிலும் பனி, நடுவில் ஆவி பறக்கும் குளமாம். ஹங்கேரியில் ஆண்கள் கழுத்தளவு வெந்நீரில் நின்று சதுரங்கம் ஆடுவார்களாம்.

"குளிக்கிற எடத்துலயா?"

"ஆமா."

"பின்னால ஆளு காத்துக்கிட்டு நிக்காதா?"

எங்கள் லயத்தில் மலை ஊற்றிலிருந்து வந்து விழும் பீலித் தண்ணீர் ஒன்றுதான். அதற்குப் பின்னால் எப்போதும் வாளியோடு ஒரு வரிசை நிற்கும். சதுரங்கம் ஆடினால் தலையில் வாளி விழும். அதை அம்மாவிடம் சொன்னபோது பக்கத்து இருக்கைப் பெண்ணும் சேர்ந்து சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு அவ்வளவாக வரவில்லை. அந்தக் கட்டுரை ஒரு வாரம் விடுமுறை எடுத்தால் போய்விடுகிற களைப்பைப் பற்றி எழுதப்பட்டிருந்தது. எங்கள் களைப்புக்கு அப்படி ஒரு தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. முந்தின வாரம் முழுவதும் நான் சுற்றுநிருபங்களை மொழிபெயர்த்தேன். சனிக்கிழமை லயத்துக்குப் போய் அம்மாவுக்கு விறகு பிளந்தேன். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தேன். அம்மாவோ காய்ச்சலில் படுத்த நாட்களைத் தவிர வேறு விடுமுறை எதையும் சொல்லமாட்டாள்.

லுணுகலை தாண்டி இறக்கத்தில் பஸ் நின்றுவிட்டது. முன் சக்கரத்தில் ஏதோ கருகும் வாசனை. எல்லோரும் இறங்கிப் பாதையோரம் உட்கார்ந்தோம். ஒருவர் பேப்பர் விரித்தார். ஒரு பெண் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். அம்மா மட்டும் உட்காரவில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"ஒக்காருங்கம்மா."

"ஒக்காந்தா எந்திரிக்கிறத எல்லாரும் பாப்பாங்க."

சாரதியும் நடத்துனரும் சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றினார்கள், தட்டினார்கள், யாருக்கோ போன் பேசினார்கள். வேறொரு பஸ் வந்து எங்களை அள்ளிக்கொண்டு போகும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பிபிலையில் இறங்கி மாற வேண்டியிருந்தது. மலைக் குளிருக்குப் போட்ட சுவெட்டரை அங்கே அம்மா கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டாள். பச்சைத் தோல் தோடம்பழம் வாங்கினோம். தோலைப் பார்த்து, பழுக்காததை ஏமாற்றி விற்கிறான் என்று அம்மா சண்டைக்குப் போனாள். கடைக்காரர் ஒன்றை வெட்டி நீட்டினார். தின்றுவிட்டு மூன்று வாங்கினாள்.

மகாஓயாவில் இறங்கியதும் அம்மா நாலாபக்கமும் திரும்பிப் பார்த்தாள். வயல், நேரான பாதை, தூரத்தில் காடு.

"தரையெல்லாம் இஸ்திரி போட்ட மாதிரி கெடக்கு. இங்க நடக்குறதுக்கு யாருக்குத்தான் மொழங்காலு வலிக்கும்?"

தங்கியது சோமா என்ற சிங்களப் பெண்ணின் வீட்டின் பின்னறையில். ஐம்பதுக்குள் வயது, சத்தமான பேச்சு. எங்களைக் கண்டதும் குளத்து மீன் குழம்பும் சிவப்பரிசிச் சோறும் வைத்தாள். வெயிலில் இத்தனை உறைப்பைத் தின்றுவிட்டு எப்படித்தான் வேலை செய்கிறார்கள் என்று அம்மா தமிழில் என்னிடம் வியந்தாள். இவ்வளவு மெலிந்த அம்மா எப்படித்தான் மலை ஏறுகிறாள் என்று சோமா சிங்களத்தில் என்னிடம் வியந்தாள். இரண்டையும் நான் மொழிபெயர்க்கவில்லை. அன்று எனக்கு விடுமுறை.

இரண்டாம் நாள் விடியும்போதே அம்மா வெளிக்கிட்டு வாசலில் நின்றாள். பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கொடுக்க வரிசையில் நிற்பதற்கு, எழும்பிப் பழகிய உடம்பு. சோமா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். "கிணறு எங்கேயும் ஓடிப்போகாதே" என்றாள். ஆனாலும் துண்டை எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். மூவரும் ஓட்டோவில் போனோம்.

கட்டுரையில் பார்த்த படங்களை மனதிலிருந்து அழித்துவிட வேண்டியிருந்தது. வேலி அடைத்த ஒரு வெளி. அதில் சீமெந்தால் கட்டிய சிறிய சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு விதம். உள்ளே இறங்கக் கூடாது. வாளியால் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். காலைப் பனியில் தண்ணீரின் மேல் ஆவி சோம்பலாகக் கிடந்தது. சாரம் கட்டிய இரண்டு முதியவர்கள், பேசாமல் தோளில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் நெஞ்சுக்கு மேல் துணியை முடிந்து குளித்தார்கள். அதைப் பார்த்ததும் அம்மாவுக்குத் தைரியம் வந்தது. "நம்ம குறுக்குக்கட்டுதான்" என்று தன் பாவாடையை ஏற்றி முடிந்துகொண்டாள்.

பிறகு இந்தப் பூமி சரியுமா என்று சோமாவிடம் கேட்கச் சொன்னாள்.

"ஏன் சரியணும்?" என்றேன்.

"உள்ளுக்குக் கொதிக்குதே. நம்ம பக்கம் ரெண்டு நாள் மழ பேஞ்சாலே மண்ணு கெளம்புது. மீரியபெத்தயில லயமே மண்ணுக்குள்ள போயிருச்சே?"

லயத்துக்குப் பின்னாலுள்ள சரிவை மழைக்காலத்தில் அம்மா படுத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பாள். சோமாவிடம் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. தன் பாட்டன் காலத்திலிருந்தே இங்கே ஒரு கல்கூட நகர்ந்ததில்லை என்று சொன்னாள். அம்மா அந்தப் பதிலை யோசித்து ஏற்றுக்கொண்டாள்.

அதன் பிறகு வேலையைத் தொடங்கினாள். வேலை என்றுதான் சொல்ல வேண்டும். கொழுந்து மலையில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை கொடுப்பார்கள். தன் நிரையை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகலாம். அம்மா கிணறுகளைச் சுற்றிப் பார்த்து நிரை பிரித்துக்கொண்டாள். "இந்தக் கடைசியில இருந்து ஆரம்பிச்சு அந்தக் கடைசிக்குப் போயிருவோம்."

"ஹெமின், ஹெமின்" என்று பின்னாலிருந்து சோமா கூவினாள். மெதுவாக, மெதுவாக. அம்மாவுக்கு அந்த அளவு சிங்களம் தெரியும். ஆனால் அந்தச் சொல்லை அவளிடம் யாரும் இதற்கு முன் சொன்னதில்லை. மலையில் அவள் கேட்டதெல்லாம் இதற்கு நேர் எதிரான சொல்.

முதல் கிணற்றில் வாளியை விட்டு மொண்டாள். விரலை முக்கிப் பார்த்தாள். "சுடுதண்ணி சுடுதண்ணின்னாங்க. வெதுவெதுப்பாத்தான் இருக்கு" என்று சொல்லி, முழு வாளியையும் முழங்கால் மேல் கவிழ்த்தாள்.

கத்தவில்லை. வாளியைப் போட்டுவிட்டுக் காலை மட்டும் உதறினாள். சோமா ஓடிவந்து குளிர்ந்த தண்ணீரைக் கொட்டுவதற்குள் முழங்கால் பீட்ரூட் கிழங்கு நிறத்தில் சிவந்துவிட்டது. அந்த இடத்திலேயே கடும் சூடானது அந்தக் கிணறுதான். முதியவர்கள் இருவரும் அதன் பக்கமே போகாமல் இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

"வெரல விட்டுத்தானே பாத்தீங்க?"

"பாத்தேன். சுடல."

அப்போதுதான் அவளுடைய விரல்களைப் பார்த்தேன். கொழுந்துக் கறை ஏறி, காய்த்து, கீறல் கீறலாக வெடித்த விரல்கள். தாச்சியிலிருந்து ரொட்டியை அப்படியே கையால் புரட்டுகிற விரல்கள். வலி அவற்றுக்குள் போய்ச்சேரவே நேரமாகும். அந்த விரல்களைக் கொண்டு சூடு பார்த்து, தோல் மெலிந்த முழங்காலுக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள். கொழுந்து பறிக்கிற ஒருத்தியைத் தவிர வேறு யார் இந்தப் பிழையைச் செய்ய முடியும் என்று நினைத்தேன். சோமாவிடம் அம்மாவின் கையைப் பிடித்துக் காட்டினேன். அவள் தொட்டுப் பார்த்து, "ஐயோ அம்மே" என்றாள். அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

அன்று முழுவதும் பின்னறையில் கிடந்தோம். சோமா கற்றாழையைப் பிளந்து முழங்காலில் ஒட்டினாள். தோல் கழன்றுபோகவில்லை, எரிச்சல்தான். மின்விசிறி வெக்கையைச் சுற்றிச் சுற்றி எங்கள் மேலேயே கொட்டியது. மாமரத்தில் குரங்குகள் இறங்கிச் சண்டை போட்டன. நாங்களும் போட்டோம்.

"இன்னைக்குக் கணக்குல வராது" என்றாள் அம்மா.

"ஏன் வராது? மூணு நாள்ன்னா மூணு நாளுதான். நாளைக்கு ஒண்ணு, நாளன்னைக்குக் காலையில ஒண்ணு. எனக்கு அதுக்கு மேல லீவு இல்ல."

"ஒரு வாளி ஊத்துனது ஒரு நாளா?"

"உங்களுக்குத்தான் எல்லாத்துக்கும் அவசரம். மெதுவா ஊத்தச் சொன்னாங்கல்ல?"

அவள் கூரைப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "இந்தத் தண்ணி பொய்யாப் போகணும்னுதானே நீ வந்த."

எனக்கு மூன்று மொழி தெரியும். மூன்றையும் விட்டுவிட்டு, காய்ந்த கற்றாழையை எடுத்துப் புதிதாக ஒட்டினேன்.

பொழுது சாயும்போது சோமா எருமைத் தயிரும் கித்துள் பாணி என்கிற இனிப்புப் பாகும் கொண்டுவந்து எங்களுக்கு நடுவில் வைத்தாள். ஒரே சட்டிதான். அதனால் ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மூன்றாம் நாள் நாங்கள் இருவர் மட்டும் போனோம். அம்மாவைச் சீமெந்துக் கட்டில் உட்காரச் சொன்னேன். வாளியை நான் எடுத்துக்கொண்டேன். மிதமான கிணற்றில் மொண்டு கையை விட்டேன். அதுவே எனக்குச் சுட்டது.

"என்ன, பேனா புடிச்ச கைக்குத் தாங்கலையா?"

"என் கையிக்குத் தாங்குனாத்தான் உங்க காலுக்குத் தாங்கும். பேசாம இருங்க."

"சரிங்க தொரசாணி."

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும், வாயைப் பொத்திக்கொண்டாள்.

பச்சைத் தண்ணீர் கொஞ்சம் கலந்தேன். மறுபடி கை விட்டேன். சிவந்த இடத்தைத் தவிர்த்து, தொடையிலிருந்து வழிந்து முழங்காலைச் சுற்றி இறங்கும்படி ஒரு சிறிய சட்டியால் ஊற்றினேன். ஊற்றினேன், மொண்டேன், கை விட்டுப் பார்த்தேன், ஊற்றினேன். இப்படி மெதுவாக ஒன்றைச் செய்வது எவ்வளவு களைப்பான வேலை என்று அந்தக் கட்டுரையில் யாரும் எழுதியிருக்கவில்லை. என் இடுப்பு கழன்றது. அம்மா ஆரம்பத்தில் நெளிந்தாள். "போதும், அடுத்த கெணத்துக்குப் போவோம்" என்றாள். அப்புறம், "அந்தா அந்தப் பொம்பள நமக்குப் பொறகு வந்து முடிச்சிட்டுப் போறா" என்றாள். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டதை நான் கவனிக்க நேரமானது. நிமிர்ந்து பார்த்தால் கண்ணை மூடியிருந்தாள். நெற்றியில் எப்போதும் ஒரு மடிப்பு இருக்கும். அது அவளுடைய முகத்தின் பாகம் என்றே நான் நினைத்திருந்தேன். அது இல்லை. வயது குறைந்த வேறு யாரோ ஒருத்தி அம்மாவின் பாவாடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

ஓட்டோ வரை அவள் நடந்தாள். நொண்டவில்லை. எனக்கு முன்னால் நடந்தாள். நான் பின்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு, தோற்றுக்கொண்டு போனேன்.

அன்று பின்னேரமும் போய் ஊற்றினோம். வரும் வழியில் அம்மா ஒரு கடையில் நின்று அவித்த சோளம் வாங்கினாள். எனக்கு வாங்கித் தர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றி எவ்வளவு காலம் என்று யோசித்தேன். என் கை வெந்நீரில் ஊறி விரலெல்லாம் சுருங்கியிருந்தது. சோளத்தைப் பிடிக்கவே சோம்பலாக இருந்தது. மகிழ்ச்சியாகவும் இருந்தது, அதுதான் கஷ்டம். அம்மாவுக்கு வலி குறைய வேண்டும். ஆனால் இங்கே குறையக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு இன்னும் ஒரு நாள் இருக்க வேண்டும்.

நான்காம் நாள் விழித்தபோது அறைக்குள் வெயில் வந்திருந்தது. வெயிலில் அம்மா படுத்திருந்தாள்.

பயந்துபோனேன். என் வாழ்க்கையில் நான் கண் விழித்து அம்மா விழிக்காமல் இருந்த காலை ஒன்றுகூட இல்லை. மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்த்தேன். நல்ல ஆழமான மூச்சு. எட்டிப் பார்த்த சோமா, எழுப்ப வேண்டாம் என்று கையால் சைகை காட்டினாள்.

எழும்பியதும் அம்மா முதலில் வெளியே பார்த்தாள். "ஐயையோ, பெரட்டு போயிருக்கும்." பிறகு எங்கே இருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. காலை மடக்கினாள். நீட்டினாள். மறுபடி மடக்கினாள். என்னைப் பார்த்த பார்வையில் வெற்றியும் கொஞ்சம் வெட்கமும் இருந்தன.

"வலிக்கல."

"சரி."

"ராத்திரி முழுக்க வலிக்கல பாப்பா. ஒரு தடவகூட முழிக்கல."

"சரிம்மா."

"பேச்சு மாற மாட்டியே?"

"மாற மாட்டேன்" என்றேன்.

காலைச் சாப்பாட்டுக்கு அவள் தரையில் குந்தி உட்கார்ந்தாள். அவள் குந்தி உட்கார்ந்து நான் பார்த்தே வருடக்கணக்காகிறது. சோமாவின் இடியாப்பத்தைச் சம்பலோடு பிசைந்து நிதானமாகத் தின்றாள். இன்னொன்று கேட்டும் வாங்கினாள். கடைசியாக ஒரு தடவை கிணற்றுக்குப் போய் ஊற்றிவிட்டு வந்தோம். புறப்படும்போது சோமா அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அடுத்த வருடமும் வா என்றாள். "வாறேன், வாறேன்" என்று அம்மா சிங்களத்தில் சொன்னாள். நான் பையைத் தூக்கிக்கொண்டேன். நான் எதிர்பார்த்த கோபம்கூட வரவில்லை. அசதிதான் வந்தது.

பிபிலை வரை அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துப் பேசிக்கொண்டே வந்தாள். வயலில் கொக்கு, வீட்டுக்கு வீடு மாமரம், சோமாவின் மீன் குழம்பு. அந்தச் சதுரங்கக்காரர்களைப் பற்றியும் கேட்டாள். அவர்கள் எந்த ஊர்? வீட்டுக்குப் போன பிறகும் அவர்களுக்கு வலிக்காதா? அதைப் பற்றி எழுதியிருக்கவில்லை என்றேன்.

பஸ் மலை ஏறத் தொடங்கியது. லுணுகலைப் பக்கம் மழை. எல்லோரும் ஜன்னலை மூடினார்கள். அம்மா சுவெட்டரைப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு வளைவிலும் உடம்பு சாய, முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு குறைந்தது. பிறகு நின்றது. திரும்பிப் பார்த்தேன். நெற்றி மடிப்பு பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தது.

கேட்க எனக்கு உரிமை இல்லை, வாக்குக் கொடுத்திருந்தேன்.

"வந்திருச்சு" என்றாள் அவளாகவே. யாரோ தெரிந்தவர் பஸ்ஸில் ஏறிவிட்டதைப் போலச் சொன்னாள்.

"குளிருக்கு இருக்கும்மா."

"நம்ம ஊர்ல எப்பவும் குளிருதானே."

இன்னும் சில வளைவுகள் போயின. கண்ணாடியில் மழை சரிந்து ஓடியது. கீழே தேயிலை தொடங்கியிருந்தது. பச்சைக்கு நடுவே இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிய பெண்கள் நனைந்துகொண்டு நிரைகளில் நின்றார்கள். அம்மா அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இது இப்படித்தான்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன் பாப்பா" என்றாள் மெதுவாக. "எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், நம்மதான் பெருசு பண்றோம்னு. ஒரு நாளு இல்லாம இருந்துட்டேன். இனிமே இதோட எப்படி இருப்பேன்?"

ஒப்பரேஷன் என்ற சொல் வாயின் ஓரம் வரை வந்தது. விழுங்கினேன்.

பசறையில் பஸ் நிரம்பியது. நனைந்த குடைகள், சாமான் பைகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். எங்கள் தோட்டத்துப் பெண்கள் இருவர் ஏறி முன் கம்பியைப் பிடித்து நின்றார்கள். ஒருத்தி எங்கள் லயத்திலேயே மூன்றாவது காம்பரா. அம்மா அவர்களைப் பார்த்தாள். அவர்களும் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது காலை உள்ளே இழுத்து நிமிர்ந்து உட்காருவாள் என்று எதிர்பார்த்தேன்.

அம்மா வலது காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, என் கால்களுக்கு மேலாக, நடைவழியில் நீட்டினாள்.

நடத்துனர் டிக்கெட் போட்டுக்கொண்டு நெரிசலில் பிதுங்கி வந்தான். "அம்மா, காலை உள்ளே எடுங்க, ஆட்கள் நடக்க வேண்டாமா?" என்றான் சிங்களத்தில்.

பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையை அழுத்தினாள். தனக்குத் தெரிந்த சிங்களத்தில், மலையில் ஒரு நிரையிலிருந்து இன்னொரு நிரைக்குக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்:

"மடங்காது மகன். இந்தக் காலுக்கு ஆஸ்பத்திரியில ஒப்பரேஷன் செய்யப் போறாங்க. சுத்திப் போ."

முன்னால் நின்ற இருவரும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா அவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், ஆமாம் என்பது போல. நடத்துனர் காலைத் தாண்டிப் போனான். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள்.